மென்டார் யார், ஸ்பான்சர் யார், எங்கே தேடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவை எல்லாம் என்னிடம் நேரில் கேட்கப்பட்ட கேள்விகள். சென்னையில் ஐடி சேவை நிறுவனங்களில் 17 வருஷமாக வேலை பார்க்கிறேன். கடைசி 8 வருஷம் மேனேஜராக. கேட்டவர்களில் பலர் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரி. நானும் அப்படி வந்தவள்தான். அப்பா விருதுநகரில் பருப்பு மண்டியில் கணக்கு எழுதினார். ஆபீஸில் யாரைப் பார்க்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லாதவர்களை மனதில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன்.

மென்டார் என்கிறார்கள், ஸ்பான்சர் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. மென்டார் உங்களோடு பேசுகிறவர். ஸ்பான்சர் உங்களைப் பற்றி மற்றவர்களிடம் பேசுகிறவர்.

மென்டாருக்கு அனுபவமும் பொறுமையும் இருந்தால் போதும். அவர் உங்கள் கம்பெனியில்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஸ்பான்சருக்கு அதிகாரம் வேண்டும். "இந்த வேலையை அவளிடம் கொடுங்கள், நான் பொறுப்பு" என்று சொன்னால் எடுபடுகிற இடத்தில் அவர் இருக்க வேண்டும். மென்டாருக்கு நேரம்தான் செலவு. ஸ்பான்சர் தன் பெயரையே பணயம் வைக்கிறார். நீங்கள் சொதப்பினால் அடுத்த முறை அவர் பேச்சுக்கு மதிப்புக் குறையும்.

வழிகாட்டி என்ற சொல் மென்டாருக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஸ்பான்சருக்கு, "கைதூக்கி விட்டவர்" என்று ஊரில் சொல்வோமே, அதுதான் நெருக்கம்.

கைதூக்கி விடுவது என்றால் சிபாரிசுதானே? எனக்கு அது பிடிக்காது.

எனக்கும் பிடிக்காது. சிபாரிசு என்றதும் நம் காதில் விழுவது "நம்மாளு", "மாமா பையன்". ஜாதியும் சொந்தமும் பார்த்துக் கொடுத்த வேலைகளால் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். அந்த வெறுப்பு நியாயமானது, அதை விட்டுவிடச் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்களுக்காகப் பேசுகிறவரின் வாக்கியத்தில் உங்கள் வேலை இருக்கிறதா? "நம்ம ஊர்ப் பொண்ணு, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்றால் அது சிபாரிசு. "பில்லிங் சிஸ்டம் விழுந்த அன்று நாலு பேர் சர்வரில் தேடிக்கொண்டிருந்தார்கள், இவள் ஒருத்திதான் தேதி ஃபார்மேட்டைப் பார்த்தாள்" என்றால் அது சாட்சி. ஸ்பான்சர் என்பவர் உங்கள் வேலைக்குச் சாட்சி சொல்கிறவர். சாட்சி சொல்ல அவர் முதலில் அதைப் பார்த்திருக்க வேண்டும். இதற்காக நீங்கள் காக்கா பிடிக்கத் தேவையில்லை. உங்கள் வேலை அவர் கண்ணில் படுகிற மாதிரி நடந்துகொண்டால் போதும்.

வேலையை ஒழுங்காகச் செய்தால் தானாக மேலே வரமுடியாதா?

இதைத்தான் நானும் பத்து வருஷம் நம்பினேன். மேனேஜரான முதல் வருஷம் அந்த நம்பிக்கை போனது.

பல கம்பெனிகளில் அப்ரைசல் (வருஷாந்திர வேலை மதிப்பீடு) முடிவை உங்கள் மேனேஜர் தனியாக எடுப்பதில்லை. எல்லா மேனேஜர்களும் ஒரு அறையில் உட்கார்ந்து ரேட்டிங்குகளை ஒப்பிட்டுச் சரிசெய்கிறார்கள். காலிப்ரேஷன் என்று அதற்குப் பெயர். மேல் ரேட்டிங் இத்தனை பேருக்குத்தான் என்ற வரம்போடு அந்தக் கூட்டம் தொடங்கும்.

நான் போன முதல் கூட்டத்தில் சுவரில் எக்செல் ஷீட் ஓடிக்கொண்டிருந்தது, ஆளுக்கு ஒரு வரி. ஒரு பெயருக்கு ஒன்றரை நிமிஷம், இரண்டு நிமிஷம், அவ்வளவுதான். சில பெயர்கள் வந்ததும் மேஜையின் வேறு பக்கத்திலிருந்து யாராவது ஒருவர், "இவர் எங்களுக்கும் உதவினார், நல்ல பையன்" என்பார். அந்த வரி அசையாமல் நிற்கும். என் டீமில் இருந்த ஒரு பெண்ணின் பெயர் வந்தது. மூன்று வருஷமாக டேட்டா மைக்ரேஷன் முழுவதும் அவள் தலையில்தான். "வேறு யாருக்காவது இவரைத் தெரியுமா?" என்று கூட்டத்தை நடத்தியவர் கேட்டார். யாரும் பேசவில்லை. நான் பேசினேன், ஆனால் "ரொம்ப சின்சியர், ரொம்ப நல்லா வேலை செய்வாங்க" என்றுதான் வந்தது. கையில் ஒரு எண்கூட இல்லை. மவுஸ் அந்த வரியைப் பிடித்து ஒரு கட்டம் கீழே இழுத்துப் போட்டது. அடுத்த பெயர்.

அடுத்த அப்ரைசலுக்கு முன்பே அவள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். அவளுடைய வேலையில் ஒரு குறையும் இல்லை. அதை நேரில் பார்த்த இரண்டாவது ஆள் அந்த அறையில் இல்லை, பார்த்த ஒருத்திக்கும் சொல்லத் தெரியவில்லை.

இதெல்லாம் கார்ப்பரேட் பழக்கம்தானே? அந்தக் காலத்தில் திறமை இருந்தால் போதுமே?

கணித மேதை ராமானுஜன் கதையை "இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், கேம்பிரிட்ஜ் போனார்" என்று இரண்டு வரியில் படித்துவிடுகிறோம். நடுவில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பாருங்கள்.

கும்பகோணத்திலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து, கணிதம் தவிர மற்ற பாடங்களில் தோற்று, பட்டம் இல்லாமல் நின்றவர் அவர். 1910ல் நோட்டுப் புத்தகத்தோடு திருக்கோவிலூருக்குப் போய் வி. ராமசாமி ஐயரைப் பார்த்தார். அவர் அங்கே டெபுடி கலெக்டர், இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. ராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் பார்த்த ராமசாமி ஐயர், இந்த அறிவைத் தாலுகா ஆபீஸில் போட்டு அழுத்தக் கூடாது என்று, வேலை தராமல் சென்னையில் தனக்குத் தெரிந்த கணிதக்காரர்களிடம் அறிமுகம் செய்து அனுப்பினார். அந்த வழியாகத்தான் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைப் பார்த்தது. அவர் மாதம் 25 ரூபாய் தந்து சில காலம் தாங்கினார்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை. அங்கே அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயரும் கணிதம் படித்தவர். மாலை நேரங்களில் இருவரும் ஸ்லேட்டில் கணக்குப் போடுவார்களாம். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் கவனத்துக்கு ராமானுஜனைக் கொண்டுபோனவர் நாராயண ஐயர்தான். ஹார்டிக்கு எழுதுவதற்கு முன் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வேறு இரண்டு கணித அறிஞர்களுக்கும் ராமானுஜன் எழுதினார். பலன் இல்லை. ஹார்டிக்கு எழுதிய தேதி 1913 ஜனவரி 16.

அடுத்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். 1913 பிப்ரவரியில் வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தார். அவரே கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். துறைமுகத்தில் ராமானுஜனின் நோட்டுகளைக் காட்டினார்கள். அவர் உட்கார்ந்து பாடம் எடுக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். பட்டமே இல்லாத ஒருவருக்குப் பல்கலைக்கழகம் 1913 மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது.

நாராயண ஐயர் மென்டார், தேவைப்பட்டபோது ஸ்பான்சரும் அவரே. வாக்கர் முழுக்க ஸ்பான்சர். ராமானுஜன் அளவுக்குத் திறமை இருந்தும் இத்தனை கைகள் வேண்டியிருந்தன. ராமானுஜன் செய்ததையும் கவனியுங்கள். எங்கே போனாலும் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

சரி, மென்டாரை எங்கே தேடுவது?

உச்சியில் இருப்பவரைத் தேடாதீர்கள். உங்களைவிட மூன்று முதல் ஏழு வருஷம் முன்னால் இருப்பவர்தான் அதிகம் உதவுவார். உங்கள் பிரச்சினை அவருக்கு இன்னும் மறந்திருக்காது. இருபது வருஷம் தாண்டியவருக்கு நீங்கள் எதில் முட்டி நிற்கிறீர்கள் என்றே புரியாமல் போகலாம்.

பழைய டீம் லீடுகள், நீங்கள் எழுதிய கோட் (நிரல்) ரிவ்யூ செய்து நீளமாகக் கமென்ட் எழுதிய ஆள், காலேஜ் சீனியர்கள், பக்கத்து டீமில் உங்களோடு ஒரு ரிலீஸ் ராத்திரி முழுக்க விழித்திருந்தவர். பட்டியல் போட்டால் ஐந்து பெயராவது தேறும். வெளியே தேடினால் தொழில்நுட்பக் குழுக்கள் இருக்கின்றன. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு, பைத்தான் பயனர் குழு போன்றவை பல வருஷமாகக் கூட்டம் நடத்துகின்றன. கட்டணம் இல்லை, யாரும் போகலாம். நாலு கூட்டம் பின்வரிசையில் உட்காருங்கள், ஐந்தாவதில் பத்து நிமிஷம் பேச முன்வாருங்கள். பேசியவரைத்தான் பிறகு வந்து விசாரிப்பார்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1970களில் வெளியிட்ட ஆய்வுக்காக, வேலை மாறியவர்களிடம் தகவல் யார் மூலம் வந்தது என்று விசாரித்தார். நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது பார்க்கிற அறிமுகக்காரர்கள் மூலம் வந்ததே அதிகம். யோசித்தால் புரியும். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

என்ன எழுதிக் கேட்பது? "எனக்கு மென்டாராக இருப்பீர்களா?" என்று கேட்கலாமா?

அப்படிக் கேட்காதீர்கள். கேட்கப்படுகிறவருக்கு அது எவ்வளவு நாளைய வேலை என்று தெரியாது, பயந்து "பார்க்கலாம்" என்பார். ஒரு கேள்வி, ஒரு சந்திப்பு, அதற்கு மட்டும் கேளுங்கள். போன வருஷம் எனக்கு வந்த ஒரு செய்தியை, விவரங்களை மாற்றித் தருகிறேன்:

"வணக்கம் மேடம். பேமென்ட்ஸ் டெஸ்டிங் டீமில் நான்கு வருஷமாக இருக்கிறேன். போன வாரம் கம்பெனி டவுன் ஹால் கூட்டத்தில், டெஸ்டிங்கிலிருந்து டெவலப்மென்டுக்கு மாறியதைப் பற்றிப் பேசினீர்கள். நானும் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறேன். மாறுவதா, ஆட்டோமேஷனிலேயே ஆழமாகப் போவதா என்று தெரியவில்லை. இரண்டு பக்கமும் நான் யோசித்ததை அரைப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த இரண்டு வாரத்தில் 20 நிமிஷம் கிடைத்தால் உங்கள் கருத்தைக் கேட்டுக்கொள்வேன்."

அன்று மதியமே பதில் போட்டேன். இவன் ஏற்கெனவே யோசித்திருக்கிறான், என்னிடம் என்ன கேட்கப்போகிறான் என்று எனக்குத் தெரியும், 20 நிமிஷத்தில் முடியும். இப்படி மூன்றும் தெளிவாக இருந்தால் மறுக்கிறவர்கள் குறைவு. "ஹாய் மேடம், கெரியர் கைடன்ஸ் வேணும்" என்று வரும் செய்திகளுக்கு என்ன பதில் எழுதுவது என்றே தெரியாமல் அப்படியே கிடக்கின்றன, எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள். அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

சந்தித்த பிறகு?

அவர் சொன்னதில் ஒன்றைச் செய்துபாருங்கள். மூன்று, நான்கு வாரத்தில் "நீங்கள் சொன்னபடி செய்தேன், இது சரியாக வந்தது, இது வரவில்லை" என்று நாலு வரி எழுதுங்கள். நூறு பேர் வந்து கேட்டால் திரும்பி வந்து சொல்கிறவர்கள் மிகக் குறைவு. அந்த நாலு வரிதான் அடுத்த சந்திப்பைத் திறக்கும். அவர் சொன்னது ஒத்துவரவில்லை என்றால் அதையும் மரியாதையாகச் சொல்லலாம், கோபித்துக்கொள்ளமாட்டார்.

ஸ்பான்சரையும் இப்படிக் கேட்டுப் பெற முடியுமா?

தெரியாதவரிடம் போய்க் கேட்க முடியாது. ஆனால் ஒருவர் ஸ்பான்சர் ஆகும் வாய்ப்பை நீங்கள் உருவாக்கலாம். முக்கால்வாசி அது உங்கள் கையில்தான்.

முதலில், முடிவெடுக்கும் இடத்தில் யார் உட்கார்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். "நம் யூனிட்டில் புரமோஷன் எப்படி முடிவாகிறது, யார் யார் பேசுவார்கள்?" என்று மேனேஜரிடம் நேராகக் கேளுங்கள். இது ரகசியம் இல்லை, கேட்க உரிமை உண்டு. பிறகு அந்த ஆட்களில் ஒருவருக்காவது உங்கள் வேலை நேரடியாகப் போய்ச் சேருகிற மாதிரி ஒரு வேலையில் கையைத் தூக்குங்கள். இரண்டு டீம் சேர்ந்து செய்யும் புராஜெக்ட், கிளையன்ட் டெமோ, யாரும் தொட விரும்பாத ஒரு பழைய தலைவலி. நினைவில் நிற்பது இந்த மூன்றாவதுதான்.

சொன்ன தேதியில் முடித்துக்கொடுங்கள். முடியாது என்று தெரிந்தால் மூன்று நாள் முன்னாலேயே சொல்லுங்கள். ஒருவர் உங்களை நம்பித் தன் பெயரை வைக்க இதுதான் அடிப்படை. புத்திசாலித்தனம் அடுத்ததுதான். கடைசி நிமிஷத்தில் கைவிரிக்கிற கெட்டிக்காரருக்காக யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

அப்புறம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "அடுத்த வருஷம் டீம் லீடாக விரும்புகிறேன். அந்தப் பேச்சு வரும்போது என் பெயரைச் சொல்லும் அளவுக்கு என் வேலை இருக்கிறதா? இல்லையென்றால் எது குறைகிறது?" உங்களோடு ஆறு மாதம் வேலை பார்த்த சீனியரிடம் இதைக் கேட்கலாம். "இருக்கிறது" என்றால் அவர் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். "குறைகிறது" என்றால் எது என்று தெரிந்துவிடும். நமக்கு ஆசையைச் சொல்வது அகங்காரம் என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள். சொல்லாத ஆசை காலிப்ரேஷன் அறையில் யாருக்கும் தெரியாது. "அவருக்கு லீட் ஆகுறதுல விருப்பமே இல்லைன்னு நினைச்சேன்" என்று சொல்லப்பட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக, அவருக்கு ஆயுதம் கொடுங்கள். அப்ரைசலுக்கு மூன்று வாரம் முன்னால் அரைப் பக்கம்: என்ன செய்தேன், எவ்வளவு நேரம் அல்லது பணம் மிச்சமானது, யாருக்கு உதவியது. மேலே நான் சொன்ன கூட்டத்தில் என் கையில் அந்த அரைப் பக்கம் இருந்திருந்தால் அந்த வரி இறங்கியிருக்காது.

என் மேனேஜரே போதாதா?

அவர் வேண்டும், ஆனால் அவர் ஒருவர் மட்டும் போதாது. தன் டீம் ஆளை உயர்த்திப் பேசுவது எல்லா மேனேஜரும் செய்வது, அதற்கு எடை குறைவு. வேறு டீமிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்கு எடை அதிகம். மேனேஜருக்குத் தெரியாமல் அவருக்கு மேலே உள்ளவரைப் பார்க்கவும் போகாதீர்கள். "அவரிடம் இந்த விஷயம் கேட்கலாம் என்று நினைக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆங்கிலம் சரளமாக வராது. பெரியவர்களிடம் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

முதலில் எழுத்தில் பேசுங்கள். எழுத்தில் திருத்தலாம், யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள். ஒரு பிரச்சினையைத் தீர்த்தால் அதை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி டீமுக்கு அனுப்பும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு நீங்கள் போகாத இடத்துக்கெல்லாம் போகும். மென்டாரிடம் தமிழில் பேசலாமா என்று கேட்டால், சென்னையில் பலர் நிம்மதியாகச் சம்மதிப்பார்கள். "சார்" என்பதா, பெயர் சொல்வதா என்று தவித்தால், டீமில் மற்றவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படி. பெயர் சொல்லி அழைத்துவிட்டு "ங்க" போட்டுப் பேசுவது எல்லாருக்கும் பழகிவிட்டது.

ஆனால் மீட்டிங்கில் வாயே திறக்காமல் இருப்பது ஆபத்து. ஒரு மீட்டிங்குக்கு ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டாலும் சரி. நான் இரண்டு வருஷம் அப்படித்தான் பேசினேன்.

நான் பெண். ஆண் சீனியரிடம் வழிகாட்டல் கேட்டால் தப்பாகப் பேசுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

பேசுவார்கள், அதை மறைத்துப் பயனில்லை. மேலே போகப்போகப் பெண்கள் குறைவு என்பதால் ஆண்களைத் தவிர்த்தால் ஸ்பான்சரே கிடைக்காமல் போகலாம். அதனால் சந்திப்பை வெளிச்சத்தில் வையுங்கள். ஆபீஸ் நேரத்தில், காலண்டர் அழைப்போடு, கேண்டீனிலோ கண்ணாடி அறையிலோ. பேசியதை மூன்று வரியில் மெயில் போட்டுவிடுங்கள். நல்ல மனிதருக்கும் அது நிம்மதி. யாராவது எல்லை மீறினால், 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும், பெண்களுக்கெதிரான பாலியல் தொல்லை பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். உங்களுக்காகப் பேசினார் என்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மகப்பேறு விடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சட்டப்படியான உரிமை. திரும்பி வரும்போது, "பாவம், கைக்குழந்தை இருக்கு" என்று அன்பாகவே லேசான வேலையாகக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு அப்ரைசல் அதிலேயே போய்விடும். விடுப்புக்குக் கிளம்பும் முன்பே உங்கள் ஸ்பான்சருக்கு எழுதிவிடுங்கள்: இந்தத் தேதியில் வருகிறேன், வந்ததும் இந்த மாதிரி வேலை வேண்டும், எனக்குப் பதிலாக நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

பணம் கேட்கும் மென்டார்களை நம்பலாமா?

பாடம் சொல்லித்தரப் பணம் வாங்குவது தப்பில்லை, அது பயிற்சி. "வேலை வாங்கித் தருகிறேன், உள்ளே ஆள் இருக்கிறது" என்று பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்பான்சர் கம்பெனியை விட்டுப் போய்விட்டால்?

நடக்கும். எனக்கே இரண்டு முறை நடந்தது. அதனால்தான் ஒருவரையே நம்பியிருக்கக் கூடாது, இரண்டு பேராவது வேண்டும். போனவரைத் தொலைத்துவிடாதீர்கள். புது இடத்தில் ஆள் தேடும்போது அவருக்கு முதலில் நினைவு வருவது தன்னோடு வேலை பார்த்தவர்களைத்தான்.

எனக்கு மூன்று வருஷ அனுபவம்தான். நான் யாருக்காவது இப்படி உதவ முடியுமா?

இன்றைக்கே முடியும். டீமின் ஸ்டேட்டஸ் மீட்டிங்கில் "சரிசெய்துவிட்டோம்" என்பதற்குப் பதில், சரிசெய்தவரின் பெயரைச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்ன யோசனையைப் பத்து நிமிஷம் கழித்து வேறொருவர் தன்னுடையதாகச் சொன்னால், "ஆமாம், முதலில் அவங்க சொன்னதுதான்" என்று சேர்த்துவிடுங்கள்.

டீம் லீடாக இருந்தால் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் வரி கீழே இறங்கிய வாரத்தில் நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பும் முன், டீமில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: தேதி, என்ன செய்தார், எண் இருந்தால் எண். பதினைந்து நிமிஷ வேலை. எழுத எதுவும் இல்லாத பெயர் வந்தால், திங்கட்கிழமை காலை முதலில் அவரிடம்தான் போய் உட்காருகிறேன்.